கட்டு பார்க்க வந்தவர்கள்

ஆனி மாசத்தில் எங்கள் பக்கம் வருகிறவர்கள் மூக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. பெங்களூரா மாங்காய் கொட்டித் தீர்த்த வருஷம் அது. மாங்கூழ் ஃபேக்டரி வாசலிலிருந்து புத்தூர் ரோடு வரைக்கும் டிராக்டர்கள் நிற்கும். நிற்கிற இடத்திலேயே காய் பழுத்து, பழம் அழுகி, டிரெய்லர் பலகை இடுக்கில் சாறு ஒழுகும். அதில் ஈ, குளவி, பன்றி, அப்புறம் விவசாயி. ஃபேக்டரி வாசலில் மரியாதையும் இந்த வரிசைப்படிதான்.

எனக்கு அதே ரோட்டில் மாங்காய் மண்டி. மூன்று தலைமுறைத் தரகு. எங்கள் வீட்டில் பாலுக்கு அழுகிற பிள்ளையிடமும் ரெண்டு சுற்று பேசிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அதனால் மனுஷர்கள் ஒரு பொருளை எப்படி மறைப்பார்கள், எங்கே மடிப்பார்கள், எந்தப் பக்கத்தை மேலே வைப்பார்கள் என்பதெல்லாம் எனக்கு ஓரளவு அத்துப்படி. ஆனாலும் கன்னையா பெரியப்பா வீட்டில் நடந்த மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. இன்னும் நினைத்தால் வாயில் எச்சில் புளிக்கிறது.

கன்னையா எனக்குப் பக்கத்து வீடு. நாலு ஏக்கர் மாந்தோப்பு. பெண்சாதி ஜெயம்மா, மகன் ஹரிபிரசாத், பள்ளிக்கூட டீச்சரான மகள் தேவயானி. ஹரி பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தபோது தலைக்குள் ஆட்கள் பேச ஆரம்பித்தார்கள். திருப்பதியில் டாக்டர்கள் அதற்கு ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் வைத்தார்கள். ஊர் அதைவிடச் சின்னதாக ஒரு பெயர் வைத்தது. மாத்திரையில் ஆள் நின்றுவிட்டான். உடம்பு கொஞ்சம் ஊதிப்போச்சு, கை லேசாக நடுங்கும், பேச்சு யோசித்து யோசித்து வரும். அவ்வளவுதான்.

சீசனில் என் மண்டியில் காய் பிரிப்பான். காம்புப் பால் பட்டால் தோல் வெந்துபோகும் என்று முழங்கைவரை தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு உட்காருவான். ஃபேக்டரிக்கு ஒரு குவியல், மார்க்கெட்டுக்கு ஒரு குவியல், மாட்டுக்கு ஒரு குவியல். சுமாரான வேலைக்காரன்தான், மெதுவு. ஆனால் காலையில் வந்ததும் எல்லாருக்கும் வணக்கம் சொல்லுவான். பதிலுக்குச் சொல்லுகிறவன் நான் ஒருத்தன்.

"தலைல இன்னும் பேசிக்கினு கீறாங்களாடா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கீறாங்க ண்ணா. சண்டை இல்ல இப்ப. தூரத்துல ஏலம் உடற மாரி. யாரும் எடுக்க மாட்டேன்றாங்க, அவன் உட மாட்டேன்றான்."

மாசத்துக்கு ஒருதரம் தேவயானிதான் திருப்பதிக்குக் கூட்டிப்போவாள். அங்கே ஒரு டாக்டரம்மா தூக்கம், சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "உன்னைப் பாக்க யாராவது வர்றாங்களா ஹரி?" என்று கேட்பாராம். "இல்ல மேடம்" என்பானாம். அந்தக் கேள்வியை மட்டும் பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு வருவானாம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது தேவயானிக்கு ஒரு வரன் வந்தது. அன்றைக்கு மத்தியானம் நான் காய் விலை சொல்லப் போயிருந்தேன். ஜெயம்மா பெரியம்மா விடாமல் தட்டு வைத்துவிட்டாள். கேழ்வரகுக் களி, வேர்க்கடலைச் சட்னி, மாங்காய் போட்ட பருப்பு. ஜெயம்மாவின் தம்பி ரங்கையா நகரியில் விசைத்தறிச் சேலை வியாபாரம். நடு வீட்டில் உட்கார்ந்து களியைவிடப் பெரிய உருண்டையாக வார்த்தையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"பையன் பவன்குமாரு சூளூர்பேட்டையில ஐஸ் கம்பெனி வெச்சிக்கீறான். அங்க புடிக்கிற எறா எல்லாம் அவன் ஐஸ்லதான் மெட்ராசுக்குப் போவுது. பொண்ண போட்டோல பாத்துட்டு ஒகே சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கெழம வர்றாங்க. நம்ம ஆளு நடு வூட்ல வந்து நின்னுக்கினு சிரிச்சான்னா இன்னா பண்றது?"

"ரெண்டு நாளு காளஸ்திரி கோயிலாண்ட அனுப்பிடலாமா?" என்றார் கன்னையா.

"போன வரனுக்கு அனுப்புனியே மாமா! பாதி வழில எறங்கி நடந்தே வந்துட்டான். அவுங்க காபி குடிச்சிக்கினு கீற நேரம் பாத்து, 'அம்மா பசிக்குது'ன்னு நின்னான். காபியோட போனவங்கதான்."

"பசிச்சா வராம?" என்றாள் கழுவுமிடத்திலிருந்து தேவயானி.

"நீ கம்னு இரும்மா. உனுக்குத்தான் பேசிக்கினு கீறோம்." ரங்கையா விரலை நக்கினார். "சேலைல ஒரு இழை அறுந்து போச்சுன்னா நாங்க இன்னா செய்வோம்? மடிப்புக்குள்ள வெப்போம். கிழிச்சா போடறோம்? அந்த மாரிதான். இவனுக்கு கால்ல ஒரு கட்டு போட்டுடலாம்."

"கட்டா?"

"புத்தூர் கட்டு. மரத்துலேர்ந்து உழுந்துட்டான், அவ்ளோதான். நம்ம ஊர்ல கட்டு போட்டுக்கினு ஒருத்தன் படுத்துக்கீறான்னா எவனாவது தப்பா நெனப்பானா? மெதுவா பேசறான், வலி. கை நடுங்குது, வலி. சொம்மா மேல பாத்துக்கினு கீறான், வலி. எல்லாத்துக்கும் ஒரே பதிலு."

நியாயத்தைச் சொல்லவேண்டுமானால், சரக்கு தெரிந்த ஆள்தான். எலும்பு உடைந்தவனுக்கு எங்கள் ஊரில் இருக்கிற மரியாதை எம்.எல்.ஏ.வுக்குக் கிடையாது. எந்தெந்த ஊரிலிருந்தோ கையும் காலும் தொங்கப் புத்தூரில் வந்து இறங்குகிறார்கள். கட்டு போட்டவன் பஸ் ஏறினால் சீட்டு விட்டு எழுந்திருப்பார்கள்.

"அண்ணன் கிட்ட கேட்டீங்களா?" என்றாள் தேவயானி.

"அவன் கிட்ட இன்னாத்த கேக்கறது?"

அவன் எனக்குப் பக்கத்தில்தான் களி தின்றுகொண்டிருந்தான். தட்டிலிருந்து முகத்தை எடுத்துக் கேட்டான்.

"எந்தக் காலுக்கு மாமா?"

பேர்போன வைத்தியர்களிடம் போனால் கேள்வி வரும் என்று, ஒரு சந்துக்குள் தனியாகக் கட்டு போடுகிற ஒரு ஆளிடம் கூட்டிப்போனார்கள். காரில்லாமல் என் வேனைக் கேட்டார்கள். கட்டுக்காரன் ஹரியின் வலது காலை அமுக்கிப் பார்த்தான், மடக்கிப் பார்த்தான்.

"இது நல்ல காலு."

"தெரியும். கட்டு," என்றார் ரங்கையா.

"நல்ல காலைக் கட்டினா ரத்தம் ஓடாதுப்பா. புண்ணாப் பூடும்."

"கொஞ்ச நாளுதான். நல்லா இறுக்கி உடு. எழுந்து நடந்துட்டான்னா குடும்பமே போச்சு."

முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, மாவு எல்லாம் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்து, முழங்காலுக்கு மேலிருந்து கணுக்கால் வரைக்கும் துணி சுற்றினான். முடிக்கும்போது ஒன்று சொன்னான். "வாராவாரம் இட்டாந்து அவுத்துப் பாக்கணும். மறக்காத." ரங்கையா தலையை ஆட்டிய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வாடிக்கையாளன் திரும்பி வரமாட்டான் என்றால் வியாபாரிக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சூளூர்பேட்டைக்காரர்கள் வந்தார்கள். பையனின் அம்மா அம்சவேணி, பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். பெண்ணைப் பார்த்தது பாதி, கட்டைப் பார்த்தது பாதி. "அய்யய்யோ, சின்ன வயசு! எப்டி கண்ணு உழுந்தே?" என்று கட்டிலில் போய் உட்கார்ந்துவிட்டார்.

சொல்லிக்கொடுத்தபடி ஹரி சொன்னான். "மாங்கா மரத்துலேர்ந்து."

"வலிக்குதா?"

"வலிக்குதுங்கம்மா."

ரங்கையா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பெண் பிடித்துப்போயிற்று, காரும் கிளம்பிப்போயிற்று. மறுநாள் கட்டைப் பிரித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் இந்த மகா புத்திசாலி ஒரு கணக்கை மறந்துவிட்டார். எங்கள் ஊரில் கட்டு போட்டவனை வந்து பார்த்தே ஆகவேண்டும். செத்த வீட்டுக்குப் போகாவிட்டாலும் மன்னிப்பு உண்டு, கட்டு பார்க்கப் போகாவிட்டால் கிடையாது.

வந்தார்கள். பன்னும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். நாட்டுக்கோழி முட்டை, ஆரஞ்சு, ஆட்டுக்கால் சூப் தூக்குப்போசியில். எதிர்வீட்டுக் கமலம்மா, ஹரிக்குத் தலை சரியில்லாமல் போன நாளிலிருந்து அந்தப் பக்கமே தெருவைத் தாண்டாதவள், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து அவன் நெற்றியைத் தடவினாள். என் மண்டியில் அவன் வணக்கத்துக்குப் பதில் சொல்லாத லோடு ஆட்கள் நாலு பேர் வேலை முடிந்து கும்பலாக வந்தார்கள். எல்லாருக்கும் அவன் யார், என்ன என்று தெரியும். காலுக்கு வந்தார்கள். அந்தக் காலோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஆளும் இருந்ததால் அவனிடம் பேசினார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர் நிரந்தரமாக வந்துவிட்டது. யார் உட்கார்ந்தாலும் முதல் கேள்வி "எப்டி உழுந்தே?", இரண்டாம் கேள்வி "வலிக்குதா?". ஹரிக்குக் கதை சொல்ல வந்துவிட்டது. முதலில் சின்ன மரம். அப்புறம் தோப்பிலேயே பெரிய மரம். அப்புறம் கிளையில் ஒரு கொம்பேறி மூக்கன். லோடு ஆட்கள் வந்த அன்றைக்குப் பாம்பு படம் எடுத்தது. "கொம்பேறி மூக்கன் எங்கடா படம் எடுக்கும்?" என்று ஒருத்தன் சிரித்தான். "அன்னைக்கு எடுத்துச்சு" என்றான் ஹரி. அவனும் சிரித்தான். பல வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவனோடு சேர்ந்து யாரோ சிரித்ததைப் பார்த்தேன்.

"ஏலம் எப்டிடா கீது?" என்று கேட்டேன்.

"ஆளு வந்து உக்காந்துக்கினா நிக்குது ண்ணா. எழுந்து போனா மறுபடியும் ஆரம்பம்." பிறகு ரகசியமாக, "டாக்டரம்மா கிட்ட சொல்லணும். நெறய பேரு வர்றாங்கன்னு."

அம்சவேணியும் மறுபடி வந்தார். "பொண்ணு எடுக்கற வூட்ல பையன் கட்டோட படுத்துக்கீறான், பாக்காம இருந்தா எங்க ஊர்ல காறித் துப்புவாங்க" என்று காரை எடுத்துக்கொண்டு, ஐஸ் பெட்டியில் எறாவும் எவர்சில்வர் அடுக்கில் நண்டுச் சாறும் கொண்டுவந்தார். "நண்டு துன்னா எலும்பு சேந்துக்கும். வாயத் தெற கண்ணு." சேரை இழுத்துப் போட்டுக்கொண்டு ஊட்டினார். "எங்க சின்னவன் மாரியே கீறான். அவனும் இப்டித்தான், ஒண்ணு கேட்டா ஓணான் மாரி பாத்துட்டுதான் பதில் சொல்லுவான்." நடுங்குகிற கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். ஹரி அந்தக் கையை எடுக்கவே இல்லை. சாறு தாடையில் வழிந்ததைத் தன் முந்தானையால் துடைத்தார்.

கட்டைப் பிரிக்க முடியவில்லை. யாராவது வந்துகொண்டே இருந்தார்கள். "தட்டு மாத்தற வரிக்கும் இருக்கட்டும்" என்றார் ரங்கையா. "அவனே ஒண்ணும் சொல்லல, உனுக்கு இன்னா?" என்று தேவயானியை அடக்கினாள் ஜெயம்மா. ஒருநாள் கத்திரியோடு போனபோது ஹரியே காலை இழுத்துக்கொண்டான் என்று தேவயானி என்னிடம் சொன்னாள்.

வீட்டில் நாற்றம் ஆரம்பித்தது. "முட்டைக்கரு, அப்டித்தான் இருக்கும்" என்றார் கன்னையா. "மாங்கா" என்றாள் ஜெயம்மா. நண்டு என்றும் ஒரு நாள் சொன்னார்கள். அழுகல் எனக்குத் தொழில். காய் அழுகினால் புளிப்பு முன்னால் வரும், நண்டு அழுகினால் உப்பு. இதில் இனிப்பு இருந்தது. "பிரிச்சுப் பாருங்க பெரிப்பா" என்றேன். "இன்னும் மூணு நாளு, பழனி. வெத்தல மாத்திட்டு மறு நிமிஷம் பிரிச்சிடறேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் விலை படியப்போகிற நேரத்து முகம். அந்த முகத்துக்குக் காது கிடையாது.

வெற்றிலை மாற்றுகிற நாள். வாசலில் ஷாமியானா, உள்ளே பாய். ஜெயம்மா சாம்பிராணி போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு மூலை போதாதென்று நாலு மூலையிலும் போட்டாள். புகையில் சபையே இருமியது. புகையைத் தாண்டியும் அந்த இனிப்பு வந்தது. ஹரியை ஓரத்தில் கட்டிலோடு வைத்து, காலுக்குமேல் புதுத் துண்டு போர்த்தியிருந்தார்கள். துண்டின்மேல் ஈ. அவன் முகம் சிவந்து, கண் ரெண்டும் எங்கேயோ. பக்கத்துச் சேரில் அம்சவேணி.

தேவயானி பட்டுச்சேலையோடு கும்பிட வந்தவள் அண்ணன் கையைத் தொட்டாள். தொட்டதும் நின்றுவிட்டாள்.

"ஜொரம் கொதிக்குது. ண்ணா, கால் வலிக்குதா?"

"இல்ல."

"பொய் சொல்லாத."

"கழட்டாத தேவி," என்றான். "கழட்டினா யாரும் வரமாட்டாங்க."

ரங்கையா ஓடிவந்தார். "அம்மாடி, ஒரே ஒரு மணி நேரம். தட்டு கைல எடுத்துட்டாங்க. பொறுத்துக்கினவன் இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டானா?"

அவள் அடுப்படிக்குப் போய் மாங்காய் அரிகிற கத்தியோடு வந்தாள். துண்டை எடுத்து வீசினாள், கட்டை மேலிருந்து கீழாக அறுத்தாள். தப்பை ரெண்டு பக்கமும் விழுந்தது.

எழுதத்தான் வேண்டும். தோல் துணியோடு வந்தது. தப்பை அழுத்திய இடமெல்லாம் பள்ளம், பள்ளத்தில் பச்சையும் கறுப்புமாகக் குழம்பு. முட்டைக்கருவுக்கும் சதைக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கெண்டைக்காலில் அரிசி கொட்டிய மாதிரி இருந்தது. அரிசி நெளிந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தார்.

அம்சவேணி மட்டும் நகரவில்லை. "அய்யோ என் கண்ணு!" என்று குனிந்து, தன் கையால் ஈயை ஓட்டினார். "பவனு, கார எடு! எந்தக் கழுத கட்டுனான் இத? எலும்பு ஒடஞ்ச காலை இப்டியா கட்டுவான்?" பவன்குமார் வந்து ஹரியின் தோளுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கப் போனான்.

ஹரி அம்சவேணியையே பார்த்தான். ஊட்டிவிட்ட ஆளிடம் பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை போலிருக்கிறது.

"எலும்பு ஒடையலிங்கம்மா. காலு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத் தலைக்குத்தான் மாத்திர. திருப்பதில தர்றாங்க. தலைல ஆளுங்க பேசுவாங்க. கால்ல கட்டு போட்டா நீங்க கேக்க மாட்டீங்கன்னு மாமா சொன்னாரு."

அம்சவேணி நிமிர்ந்தார். "தலைக்கா?" என்றார்.

புழுவைப் பார்த்துப் பின்வாங்காத அந்த அம்மாள் இந்தச் சொல்லுக்குப் பின்வாங்கினார். சேர் தரையில் கிறீச்சென்றது. ஹரியைப் பிடித்திருந்த கையை முந்தானையில் துடைத்தார். ஒருதரம் துடைத்தது போதாமல் இன்னொருதரம். "பவனு, உடு. வா இப்டி." மகன் தூக்கியவனைப் பாதியில் கட்டிலில் இறக்கிவிட்டு எழுந்தான். எறும்புச் சாரி போலப் போனார்கள். போகும்போது அம்சவேணி அடுப்படிக்குப் போய், நண்டுச் சாறு கொண்டுவந்த எவர்சில்வர் அடுக்கை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

ரங்கையா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்த! ஒரு வார்த்த சொல்லாம இருந்தா!" கன்னையா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் தேங்காயை எண்ணி வைக்கிற மனசு யாருக்கு வரும் என்று பார்த்தேன். வந்தது. நானும் தேவயானியும் வேனில் மிச்சமிருந்த மாங்காயை ரோட்டில் தள்ளிவிட்டு ஹரியைத் திருப்பதிக்குக் கொண்டுபோனோம்.

கால் தப்பியது. சதை கொஞ்சம் எடுத்தார்கள். வார்டில் இருந்தபோது மாத்திரை டாக்டரம்மாவும் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்தார். பழக்கப்படி கடைசிக் கேள்வியையும் கேட்டார். "வந்துக்கினு இருந்தாங்க மேடம்" என்றான் ஹரி. தேவயானி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது சீசன் முடிந்திருந்தது. காலில் இப்போது வெள்ளைக் கட்டு, ஆஸ்பத்திரிக் கட்டு, நிஜமான கட்டு. ஒருத்தர் வரவில்லை. கமலம்மா என்னிடமே சொன்னாள். "எப்டி ஏமாத்திட்டாங்க பாத்தியா பழனி? நான் வேற நாட்டுக்கோழி முட்ட வாங்கிக்கினு போனேன்." பேரப்பிள்ளையைத் தெருவின் அந்த ஓரமாக நடத்திக்கொண்டு போனாள். லோடு ஆட்கள், "அடுத்த சீசனுக்கு அவன் வேணாண்ணா, காயில கை வெச்சா ஒரு மாரி இருக்குது" என்றார்கள். "அப்ப நீங்க வேணாம்" என்றேன். அவர்களும் பேரம் தெரிந்தவர்கள்தான். முனகிக்கொண்டே போனார்கள், வருவார்கள்.

பன்னும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு ஒரு சாயங்காலம் போனேன். தேவயானி வாசலில் பள்ளிக்கூடப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். வேறு வரன் பேச வந்த ரங்கையாவை வாசலோடு அனுப்பிவிட்டாள் என்று கேள்வி. உள்ளே கட்டிலில் ஹரி சாய்ந்திருந்தான். பக்கத்தில் அந்தப் பிளாஸ்டிக் சேர், துடைத்து, கட்டிலைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தது. தினமும் காலையில் அவனே துடைத்து வைப்பானாம்.

"வா ண்ணா. உக்காரு."

உட்கார்ந்தேன். பன்னைக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"கேளு ண்ணா."

"இன்னாடா கேக்கறது?"

"எல்லாரும் கேப்பாங்களே."

புரிந்தது. சேரைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். "எப்டிடா உழுந்தே?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கையை உயரத் தூக்கி மரத்தைக் காட்டினான்.

"பெரிய மரம் ண்ணா. நம்ம தோப்புலயே பெருசு. மேல ஏறிட்டேன். அங்க மாமா உக்காந்துக்கினு இருந்தாரு. தள்ளி உட்டாரு. நைனா கீழ நின்னு பாத்துக்கினு இருந்தாரு. அம்மா சாம்பிராணி போட்டாங்க."

"பாம்பு?"

"பாம்பு ஒண்ணும் பண்ணல ண்ணா."

வாசலில் பேனா ஓடுகிற சத்தம் நின்றிருந்தது.

"வலிச்சுதாடா?" என்றேன்.

பன்னை ரெண்டாகப் பிய்த்துப் பெரிய பாதியை என்னிடம் நீட்டினான்.

"அப்ப இல்ல ண்ணா. நெறய பேரு வந்தாங்க இல்ல."